ஒரு மேசையும் ஒரு நோட்டக்காரரும்

நாணயக் கண்காட்சி நடத்துகிறவர்களுக்கும், சேகரிப்பாளர் சங்கங்களைக் கட்டிக் காக்கும் மூத்தவர்களுக்கும்,

வணக்கம்.

நான் வியாபாரி இல்லை. கல்வெட்டோ வரலாறோ படித்துப் பட்டம் வாங்கியவனும் இல்லை. பதினொரு வருடமாக வெள்ளிக் காசு சேர்க்கிறேன், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு காசாக எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதில் எனக்கு ஒரு நிறைவு இருக்கிறது. அந்த நிறைவைக் கொடுத்தது நீங்கள் நடத்தும் கண்காட்சிகள்தான். அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

முந்தைய ஒரு கண்காட்சியில் நடந்ததைச் சொல்கிறேன். பதினான்கு வயது இருக்கும், ஒரு பையன். கையில் ஒரு மார்கன் டாலரை, அதாவது பழைய அமெரிக்க வெள்ளிக் காசை, வைத்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தான். அப்போதுதான் வாங்கியிருக்கிறான். என் கழுத்தில் லென்ஸ் தொங்குவதைப் பார்த்துவிட்டு வந்து, "சார், இது நல்ல காசுதானே?" என்று கேட்டான். என் பையில் சின்ன தராசு எப்போதும் இருக்கும். தூணுக்குப் பின்னால் போய் வைத்துப் பார்த்தோம். 26.7 கிராம். மார்கன் டாலரின் எடை 26.73. பையன் முகம் மலர்ந்தது.

எனக்கு விரல்கள் உறுத்தின. காசு கொஞ்சம் தடியாகப் பட்டது. காலிப்பரை எடுத்து அளந்தேன். விட்டம் சரி, 38.1 மில்லிமீட்டர். தடிமன் 2.4 இருக்க வேண்டிய இடத்தில் 2.8 காட்டியது. அவனிடம் எதுவும் சொல்லாமல் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. தண்ணீர்க் குவளையைத் தராசின் மேல் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்க வேண்டும். மெல்லிய நூலில் காசைக் கட்டி, குவளையின் அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுதும் மூழ்கும்படி தண்ணீரில் தொங்கவிட வேண்டும். விரல் தண்ணீரில் படக் கூடாது. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் நூலை லேசாக ஆட்டி உதிர்த்துவிட வேண்டும். இப்போது தராசு காட்டுவது காசின் எடை அல்ல, அது தள்ளிய தண்ணீரின் எடை. அதாவது காசின் பருமன். காசின் எடையை அந்த எண்ணால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த ஆர்க்கிமிடீஸ் பாடம்தான், வேறொன்றும் இல்லை.

சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.49. மார்கன் டாலரில் தொண்ணூறு சதவீதம் வெள்ளி, மீதி செம்பு. அதற்கு 10.3 வர வேண்டும். நல்ல மார்கன் டாலரைத் தொங்கவிட்டால் தராசு 2.59 பக்கத்தில் நிற்கும். பையனின் காசுக்கு 2.99 வந்தது. வகுத்தால் 8.93. செம்பின் அடர்த்தி 8.96.

வெள்ளி முலாம் பூசிய செம்பு வில்லை அது. செம்பு வெள்ளியைவிட லேசானது. அதனால் எடையைச் சரிக்கட்ட, செய்தவன் காசைத் தடியாக்கியிருக்கிறான். கள்ளக்காசு செய்கிறவன் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுவான். அளவைச் சரியாக வைத்தால் எடை குறையும், எடையைச் சரியாக வைத்தால் அளவு பெருகும். எடை மட்டும் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் மேல்தான் அவன் நம்பிக்கை வைத்திருக்கிறான்.

பையன் காசை எடுத்துக்கொண்டு திரும்பப் போனான். "வெள்ளி என்று நான் சொல்லவே இல்லையே" என்று விற்றவர் சொல்லிவிட்டார். பையன் ஒன்றும் பேசாமல் வெளியே போனதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நடந்த கண்காட்சியில் அவனை வரிசை வரிசையாகத் தேடினேன். வரவில்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. சேர்க்க ஆரம்பித்த இரண்டாவது வருடம், அமெரிக்க டிரேட் டாலர் ஒன்று வாங்கினேன். 1873இல் தொடங்கி, கிழக்காசிய வணிகத்துக்காகவே அடித்த காசு அது. சீன வணிகர்கள் சோதித்துப் பார்த்துச் சின்னச் சின்ன முத்திரை குத்தியிருப்பார்கள். என் காசிலும் அழகாக இரண்டு முத்திரை இருந்தது. அந்த முத்திரைகளைப் பார்த்துத்தான் ஏமாந்தேன். யாரோ ஒரு வணிகர் நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் இதைச் சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறார், நான் ஏன் சந்தேகப்பட வேண்டும் என்று நினைத்தேன். போலி செய்கிறவனுக்கு முத்திரையையும் சேர்த்துக் குத்தத் தெரியும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து நிறுத்தேன். 27.22 கிராம் இருக்க வேண்டும். இருந்தது 23.5.

கண்காட்சி நடத்தியவர்களிடம் போனேன். "வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும்" என்றார்கள். ஒரு பெரியவர் தோளில் தட்டி, "படிப்புச் செலவு என்று நினைச்சுக்கோ தம்பி, எங்க எல்லார் பெட்டியிலயும் ஒண்ணு கிடக்கு" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் இத்தனை வருடமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. செலவு கட்டினோம், சரி. பாடத்தை யார் நடத்தினார்கள்? அந்தப் பெரியவருக்கு எப்படிக் கண்டுபிடிப்பதென்று தெரியும். அவர் பெட்டியில் கிடக்கும் போலியை எனக்கு ஒரு நிமிடம் கையில் கொடுத்திருந்தால் போதும், அந்த வாரம் நான் வாங்கியிருக்கவே மாட்டேன்.

தமிழில் 'நோட்டம்' என்றால் இன்றைக்கு ஒருவரை ஏற இறங்கப் பார்ப்பது. காசைச் சோதித்துப் பார்ப்பதுதான் அதன் பழைய பொருள். அதைத் தொழிலாகச் செய்தவர் நோட்டக்காரர். இன்னும் பின்னால் போனால் 'வண்ணக்கன்' என்ற சொல் இருக்கிறது. பொன்னையும் காசையும் சோதிப்பவர் என்று அகராதி சொல்கிறது. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரோடு அது ஒட்டிக்கொண்டே வருகிறது. காசு இருந்த காலமெல்லாம் அதைச் சோதித்துச் சொல்ல ஒருவர் இருந்திருக்கிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? காசு சேர்ப்பதையே உயிராக நினைக்கும் நம்முடைய கூடத்தில் மட்டும் அந்த ஆள் இல்லை.

ஏதென்ஸ் நகரத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது. கிமு 375 வாக்கில் நிகோஃபோன் என்பவர் முன்மொழிந்தது. அந்தச் சட்டம் பொறித்த கல் 1970இல் பழைய சந்தைத் திடலான அகோராவில் தோண்டும்போது கிடைத்தது. அதைப் பற்றிப் படித்த நாளிலிருந்து இந்த மடல் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சந்தையில் மேசைகளுக்கு நடுவே அரசு நியமித்த சோதனையாளர் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் ஒரு பொது அடிமை. யார் காசு கொண்டுவந்தாலும் பார்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே செம்போ ஈயமோ இருந்தால் அந்த இடத்திலேயே காசைக் குறுக்கே வெட்டிவிட வேண்டும். வெட்டிய காசு 'தெய்வங்களின் தாய்' என்ற பெண் தெய்வத்துக்கு உரியதாகிவிடும், மறுபடி புழக்கத்துக்கு வராது. அவர் நல்லதென்று சொன்ன காசை வாங்க மறுக்கும் வியாபாரியின் சரக்கு பறிமுதல். சோதனையாளர் தன் இடத்தில் உட்காரவில்லை என்றால் அவருக்கு ஐம்பது கசையடி. துறைமுகமான பிரேயஸிலும் இன்னொருவரை அமர்த்தச் சொல்கிறது சட்டம், அங்கேதான் வெளியூர் வணிகர்கள் வந்து இறங்குவார்கள்.

கசையடியை விட்டுவிடுவோம். என் மனதில் தைத்தது அந்த ஏற்பாடு. சந்தேகத்தை வாங்குகிறவர் தலையிலும் சுமத்தவில்லை, விற்கிறவர் முகத்துக்கு நேரேயும் வீசவில்லை. நடுவில் ஒரு மேசையில் வைத்தார்கள். நம் கண்காட்சியில் தராசை வெளியே எடுத்தாலே விற்கிறவர் முகம் மாறிவிடுகிறது. "என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா?" அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் அன்றைக்கு டிரேட் டாலரை நிறுத்துப் பார்க்கவில்லை. அந்தப் பையனும் நானும் தூணுக்குப் பின்னால் ஒளிந்து நிறுத்ததும் அதனால்தான். நல்ல காசு எது என்று பார்ப்பதற்கு ஒருவர் ஏன் ஒளிய வேண்டும்?

அதனால் நான் கேட்பது இது. ஒவ்வொரு கண்காட்சியிலும் நுழைவாயிலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, காலிப்பர், பத்து மடங்கு லென்ஸ், நல்ல விளக்கு, ஒரு குவளைத் தண்ணீர், நூல், துடைக்க மெல்லிய துணி. இவ்வளவும் ஒரு கைப்பையில் அடங்கும். மூத்தவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருவராக உட்காருங்கள். வாங்குவதற்கு முன்னால் யார் வேண்டுமானாலும் காசைக் கொண்டுவந்து பார்க்கட்டும்.

பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு என்று நீங்கள் தயங்குவீர்கள் என்று தெரியும். மேசை தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு துண்டுச் சீட்டில் எண்களை மட்டும் எழுதிக் கொடுக்கட்டும்: எடை இவ்வளவு, விட்டம் இவ்வளவு, தடிமன் இவ்வளவு, அடர்த்தி இவ்வளவு, இந்த வகைக் காசுக்கு இருக்க வேண்டியது இவ்வளவு. முடிவு வாங்குகிறவர் கையில். ஒரே ஒரு விதி மட்டும் கடை போடுகிறவர்களிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எண்கள் பொருந்தாத காசை அன்றைக்கே திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒப்புக்கொள்ளாதவர் கடையே போட வேண்டாம். நேர்மையாக விற்கிறவர்கள் இதை வரவேற்பார்கள் என்றே நம்புகிறேன். அவர்களுடைய நல்ல காசையும் சந்தேகத்தோடு திருப்பி வைத்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேசையில் என்ன செய்யக் கூடாது என்பதும் முக்கியம். அமிலம் வேண்டாம். உரசவும் வேண்டாம். நகைக்கு அது சரி. சேகரிப்புக் காசில் ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான். கறுப்பேறிய காசைப் பளபளப்பாக்கிப் பார்க்கும் பழக்கமும் ஒழிய வேண்டும். கறுப்பு இருப்பதாலேயே பழைய காசு என்றும் நம்பக் கூடாது, கந்தகச் சேர்மத்தில் நனைத்தால் ஒரு மணி நேரத்தில் கறுத்துவிடும்.

காந்தத்தையும் பனிக்கட்டியையும் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருகிறவர்களுக்கு நாம் முதலில் சொல்லிக்கொடுப்பது இந்த இரண்டையும்தான். இது எனக்குச் சம்மதம் இல்லை. காந்தத்தில் ஒட்டினால் வெள்ளி இல்லை, அது உண்மை. ஒட்டாவிட்டால்? செம்பும் பித்தளையும் ஈயமும்கூட ஒட்டாது. சாய்த்து வைத்த காசின் மேல் நியோடிமியம் காந்தம் மெதுவாக வழுக்கினால் வெள்ளி என்கிறார்கள். செம்பின் மேலும் அது மெதுவாகத்தான் வழுக்கும், இரண்டும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிற உலோகங்கள். காசின் மேல் வைத்த பனிக்கட்டி சட்டென்று உருகும் என்பதும் அப்படியே. வெப்பத்தைக் கடத்துவதில் செம்பு வெள்ளிக்கு மிக நெருக்கமாக வருகிறது. பையனின் காசு இந்த இரண்டு சோதனையிலும் தேறியிருக்கும்.

சுண்டிப் பார்ப்பது அப்படி இல்லை, அதில் விஷயம் இருக்கிறது. ஈயத்தையும் வெள்ளீயத்தையும் கலந்து வெள்ளியின் அடர்த்தியைக் கிட்டத்தட்ட எட்டிவிடலாம், ஈயம் வெள்ளியைவிடக் கனம். தண்ணீர்ச் சோதனையில் தப்பிக்கும் அந்தக் காசு, விரல்நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் லேசாகத் தட்டினால் 'தொப்' என்று செத்த சத்தம் போடும். வெள்ளி நீளமாகப் பாடும். தரையில் போட்டுப் பார்க்காதீர்கள், விளிம்பு நசுங்கும். நல்ல காசிலும் உள்ளே விரிசல் இருந்தாலோ, பதக்கமாக மாட்டிய வளையத்தை எடுத்திருந்தாலோ சத்தம் மங்கும். அதனால் இதை மட்டும் வைத்துக் காசைத் தள்ளிவிடக் கூடாது.

எக்ஸ்-கதிரால் உலோகத்தைக் கண்டறியும் கருவி வாங்க வசதி இருக்கும் சங்கங்கள் வாங்கட்டும். ஆனால் அது மேல்தோலைத்தான் படிக்கும். கனமாக முலாம் பூசிய செம்பை அது வெள்ளி என்றே சொல்லும். கருவியில் 'வெள்ளி' என்று காட்டிய சீட்டை நீட்டுகிறவரிடமும் தராசைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தரம் எழுதிய காசுகளுக்கும் இதே கவனம் வேண்டும். காசுக்குத் தரம் பார்த்துச் சான்று கொடுக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்களின் பெட்டிகளையே போலியாகச் செய்கிறார்கள், சில சமயம் உண்மையான சான்று எண்ணையே போட்டு. எண்ணைத் தேடினால் போதாது, அந்த எண்ணுக்குப் படம் இருந்தால் கையில் இருக்கும் காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட வேண்டும்.

லென்ஸை எடுத்ததும் எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் விளிம்பிலிருந்து தொடங்கச் சொல்வேன். அச்சில் வார்த்த காசுக்கு விளிம்பைச் சுற்றி ஒரு ஒட்டுக்கோடு இருக்கும், அல்லது அதை அரத்தால் ராவிய தடம் இருக்கும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசி குத்தியதுபோலக் குழிகள் இருக்கும். இங்கிலாந்தில் 1662 முதல் பெரிய வெள்ளிக் காசின் விளிம்பில் 'அழகும் காப்பும்' என்று பொருள்படும் லத்தீன் வாசகத்தைப் பொறித்தது சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஓரத்தைச் சுரண்டி வெள்ளி திருடுகிறவர்களையும் போலி செய்கிறவர்களையும் அது தடுத்தது. இன்றைக்கும் அதே வழிதான், 2021இல் வடிவம் மாற்றிய அமெரிக்க வெள்ளி ஈகிள் காசில் விளிம்புப் பற்களின் சீரை வேண்டுமென்றே ஓரிடத்தில் மாற்றியிருக்கிறார்கள்.

மேசையில் இருப்பவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு காசைச் சொல்கிறேன். மரியா தெரசா தாலர், ஆஸ்திரிய அரசியின் பெயரில் அடித்த வெள்ளிக் காசு. அதில் எப்போதும் 1780 என்றுதான் இருக்கும். அரசி இறந்த பிறகும் அதே தேதியோடு வியன்னா, லண்டன், ரோம், பம்பாய் என்று பல ஊர்களில் அடித்துக்கொண்டே இருந்தார்கள். புதிதாக இருக்கிறது, 1780 என்று போட்டிருக்கிறது, எனவே போலி என்று ஒருவர் அதைத் தூக்கி எறிந்ததை நான் பார்த்திருக்கிறேன். அது 28 கிராம் எடையுள்ள நல்ல வெள்ளிக் காசு. போலியை நல்லது என்பது ஒரு தவறு, நல்லதைப் போலி என்பதும் அதே அளவு தவறு.

இனி, தனி ஆளால் முடியாத ஒன்று. அதைச் சங்கத்தால்தான் செய்ய முடியும்.

நல்ல காசு ஒன்றிலிருந்து அச்சு எடுத்துப் போலி அடிக்கிறவர்கள், அந்தக் காசில் இருக்கும் அடிபட்ட தழும்பையும் சேர்த்தே அச்சில் எடுத்துவிடுகிறார்கள். அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு காசிலும் அதே இடத்தில் அதே தழும்பு இருக்கும். ஒரே ஒரு காசை வைத்திருப்பவருக்கு அது சாதாரணத் தழும்பு. இரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் குட்டு வெளிப்படும். 1896, 1900, 1902 ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் மார்கன் டாலர்களில் காசு அடித்த ஊரைக் குறிக்கும் 'ஓ' என்ற எழுத்து சின்னதாக இருக்கும் வகை ஒன்று உண்டு. பல பத்தாண்டுகள் சேகரிப்பாளர்கள் அதை அரிய வகை என்று தேடித் தேடி வாங்கினார்கள், தரம் பார்க்கும் நிறுவனங்களும் சான்று கொடுத்தன. மூன்று ஆண்டுக் காசுகளிலும் ஒரே பின்பக்க அச்சின் குறைகள் இருப்பதைக் கவனித்து ஒப்பிட்ட பிறகு, 2005இல் அவை பழைய போலிகள் என்று பிசிஜிஎஸ் அறிவித்தது. அவை செம்பு இல்லை. வெள்ளியிலேயே அடித்தவை. நான் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை அங்கே ஒன்றும் சொல்லியிருக்காது. படங்களை வரிசையாக வைத்துப் பார்த்த கண்கள்தான் கண்டுபிடித்தன.

ஆகவே மேசைக்கு வரும் ஒவ்வொரு போலியையும் உரியவர் அனுமதியோடு இருபக்கமும் விளிம்பும் படம் எடுத்து வையுங்கள். யார் விற்றார், யார் வாங்கினார் என்ற பெயர் எதுவும் வேண்டாம். காசு மட்டும் போதும். ஒரு சங்கம் இன்னொரு சங்கத்துக்குக் கொடுக்கட்டும். இரண்டு மூன்று வருடத்தில் அந்தத் தொகுப்பு எந்தக் கருவியையும்விடப் பெரிய துணையாகிவிடும்.

ஏதென்ஸில்போல வெட்டச் சொல்ல மாட்டேன். உள்ளே செம்பு வைத்து ரோமானியர் காலத்தில் செய்த முலாம் காசுகளை இன்றைக்கு அவற்றுக்காகவே சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழங்காசுகளைப் போலி செய்த ஜெர்மானியர் பெக்கரின் காசுகளும் அப்படித்தான். புதுக் காசுகளுக்குப் பழமை ஏற்ற, இரும்புத்தூளும் கொழுப்பும் போட்ட பெட்டியில் வைத்துத் தன் வண்டியில் கட்டிக் குலுங்கக் குலுங்க ஓட்டிப்போனாராம். போலி என்று எழுதி வைத்த போலி யாரையும் ஏமாற்றாது. மாதிரிக் காசு விற்கிறவர்களும் கண்காட்சியில் இருக்கட்டும், ஆனால் காசின் மேலேயே அது நகல் என்று பொறித்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1973இல் வந்த சட்டம் இதைத்தான் கேட்கிறது. நாம் கண்காட்சி விதியாகவே வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சட்டம் வரக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேசையில் ஒரு தட்டு வையுங்கள். அதில் போலிகளை வையுங்கள், கண்ணாடிக்குள் பூட்டாமல். பக்கத்திலேயே அதே வகையில் ஒரு நல்ல காசும் இருக்கட்டும். புதிதாக வருகிற பிள்ளைகள் இரண்டையும் கையில் வாங்கி, விரலால் தடவி, தட்டிக் கேட்டு, தாங்களே நிறுத்துப் பார்க்கட்டும். உங்கள் பெட்டிகளின் அடியில் வெட்கத்தோடு கிடக்கும் அந்த ஒவ்வொரு காசையும் கொண்டுவாருங்கள்.

என்னுடைய டிரேட் டாலரை இந்த மடலோடு அனுப்பியிருக்கிறேன். தட்டில் முதல் காசாக அதை வையுங்கள். எடை 23.5 கிராம், அடர்த்தி 8.9. அடுத்த கண்காட்சியில் மேசை போட்டால் முதல் இரண்டு மணி நேரம் நான் உட்காருகிறேன். தராசும் நானே கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
ஒரு வெள்ளிக் காசு சேகரிப்பாளன்